கங்காணி கேட்ட கேள்வி

புறப்படுகிறவனைப் பார்த்து "எங்கே?" என்று கேட்கக் கூடாது. எங்கள் காங்கயத்தில் இது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரியாத்தனமாக யாராவது கேட்டுத் தொலைத்தால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்பக் கிளம்ப வேண்டும். இப்பேர்ப்பட்ட ஊரில், என் காருக்குள் ஒரு பெட்டியைப் பொருத்தி, வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் "வணக்கம். எங்கே போகிறீர்கள்?" என்று கேட்க வைத்தது ஒரு காப்பீட்டுக் கம்பெனி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் வழித்துணை. நான் வைத்த பெயர் கங்காணி.

அந்தக் கெரகத்தை நான் திட்டாத நாளில்லை. இப்போது அது நன்றாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடுகிறேன். இடையில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

கம்பெனிக்காரனையும் குறை சொல்ல முடியாது. கார்களுக்குச் சாவி ஒழிந்து போனதும் திருடர்களுக்குக் கொண்டாட்டம். கையிலிருக்கும் போனை வைத்தே கதவைத் திறந்தார்கள். கார் இருக்கும் இடத்தைக் காட்டும் பழைய கருவியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். நஷ்டஈடு கொடுத்து மாளாத கம்பெனிகள், பிடுங்க முடியாத பெட்டியைக் கண்டுபிடித்தன. அது காரின் மூளையோடு கலந்தது. கிளம்பும்போது போகிற இடத்தைக் கேட்கும். வண்டி வேறு பக்கம் போனால் சந்தேகப்படும். சந்தேகம் முற்றினால் வண்டியை நிறுத்தி, கதவைப் பூட்டி, கண்ணாடியை ஏற்றிவிடும். போலீஸ் வரும்வரை திருடன் எலிப்பொறிக்குள் எலி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தால் திருட்டுக்குக் காப்பீடு கிடையாது.

நான் பூபதி. தேங்காய்ப் பருப்பு வியாபாரி. எந்தத் தோப்புக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்தால், அடுத்த வியாபாரி எனக்கு முன்னால் அங்கே போய் இளநீர் குடித்துக்கொண்டிருப்பான். அதனால் கங்காணி முதல்நாள் கேட்டபோது, எரிச்சலோடு "கோயிலுக்கு" என்று சொல்லிவிட்டு வெள்ளகோவில் தோப்புக்கு வண்டியை விட்டேன். பாதி வழியில் பூட்டிக்கொண்டது.

நான் மட்டுமா? ஊரே பொய் சொன்னது. அந்த மாதம் காங்கயத்தைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் பூட்டின கார் நின்றது. ஒன்றுக்குள் மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டோடு வியர்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் வந்து, "தயவுசெஞ்சு போற எடத்தைச் சொல்லுங்க" என்று கைகூப்பினார்கள். எவன் கேட்டான்? கடைசியில் அவர்களே தோற்றுப்போய், பெட்டிக்கு ஏதோ பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். அதன்பிறகு என் பொய்யைக் கேட்டுக்கொண்டு அது பேசாமல் இருந்தது.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. "எங்கே போகிறீர்கள்?" "கோயிலுக்கு." கேள்வி முடிவதற்குள் பதில் என் வாயிலிருந்து விழுந்துவிடும். ஆனால் எங்கள் வீதிக்கு அடுத்த வீதி மாரியம்மன் கோயில் பக்கம், என் கல்யாணத்துக்குப் பிறகு நான் தலைவைத்துப் படுத்ததில்லை.

போன ஐப்பசியில் பருப்புக் களத்தில் நின்றபடியே விழுந்தேன். பக்கவாதம். வலது கை போனது, வலது கால் போனது, பேச்சும் போனது. புத்தி மட்டும் போகவில்லை. யார் என்ன பேசினாலும் விளங்கும். பதிலும் தொண்டை வரைக்கும் வரும், அதற்குமேல் வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், "அம்மா சொல்லுங்க, தண்ணி சொல்லுங்க" என்று தினம் கெஞ்சினாள். எனக்கு அழுகைதான் வந்தது.

ஒறம்பரை, சொந்தபந்தம் யார் வந்தாலும் என்னைப் பார்த்துப் பேச மாட்டார்கள். "இவிய காப்பி குடிப்பாங்களா?" என்று என் தலைக்கு மேலே என் மனைவி வசந்தாமணியிடம் கேட்பார்கள். ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, என்னைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. காரில் ஏறினாலும் அப்படித்தான். ஓட்டுவது வசந்தாமணி. பெட்டி கேட்டால் "இந்தா, இங்கதான்" என்று அவளே சொல்லிவிடுவாள். நடக்க முடியாதவனை எங்கே போகிறாய் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

அந்த நாள் கத்திரி வெயில். பயிற்சி முடிந்து வரும் வழியில், தாராபுரம் ரோட்டு மருந்துக் கடை முன்னால் வசந்தாமணி காரை நிறுத்தினாள். நான் பின்சீட்டில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

"ஏனுங் மாமா, மாத்திரை வாங்கிட்டு ஓடியாந்தர்றேன். ஏசி ஓடட்டும், காரை அமத்துனா வெந்துபோவீங்க."

எனக்காகத்தான் ஓடவிட்டுப் போனாள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணயர்ந்தேன்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "வணக்கம். எங்கே போகிறீர்கள்?" என்றது கங்காணி.

"பழனிங்க," என்றது ஓர் ஆண்குரல், நல்ல மரியாதையாக.

வண்டி பாய்ந்தது. எனக்குத் தூக்கம் பறந்தது. கத்தினேன், அதாவது கத்த நினைத்தேன். காற்றுதான் வந்தது. இடது கையால் முன்சீட்டைப் பலம்கொண்ட மட்டும் அறைந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தவன் ஒரு பாலத்துச் சுவரில் மோதாமல் தப்பித்தது பெரிய காரியம்.

"அய்யோ சாமி! ஆருங்க நீங்க? இத்தன நேரம் உள்ளயா இருந்தீங்க?"

நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. திருடனுக்கு உரிய ஒரு லட்சணமும் இல்லை. என் கோணிய வாயையும் மடங்கின கையையும் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாதீங்ணா. ஊதியூரு தாண்டி நெழலாப் பாத்து எறக்கி உட்டர்றேன். நான் ஆளுங்களை ஒன்னும் பண்ண மாட்டனுங்ணா."

நிழல் வருவதற்குள் கங்காணி முந்திக்கொண்டது. "சந்தேகம் உறுதியானது. வண்டி நிறுத்தப்படுகிறது." இரண்டு பக்கமும் கொறங்காடு, ஆடுமாடு மேய்கிற வெறும் நிலம். கிளுவை வேலி, காய்ந்த புல், தூரத்தில் காற்றாலை. ஒரு மரம் கிடையாது. வண்டி நின்றது, கதவு பூட்டியது, ஏசி அணைந்தது.

அவன் கண்ணாடியை முழங்கையால் இடித்தான். படுத்துக்கொண்டு காலால் உதைத்தான். திருடன் உடைக்க முடியாத கண்ணாடி என்று விளம்பரம் செய்துதான் விற்றார்கள். விளம்பரம் பொய்யில்லை.

கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "கம்பெனியிலிருந்து சுபத்ரா பேசறேன். வண்டி எங்க கட்டுப்பாட்டுல இருக்கு. போலீசுக்குச் சொல்லியாச்சு. வண்டியைச் சேதப்படுத்தாதீங்க."

"ஏனுங்கம்மா, வண்டி கெடக்குதுங்க! உள்ள முடியாத மனுசன் ஒருத்தர் படுத்திருக்காருங்க. கதவைத் தொறங்கம்மா. நான் எங்கியும் ஓட மாட்டேன், போலீசு வரட்டும்!"

அந்தக் குரல் நடுங்கியது. "அவங்க மிஸஸ் இன்னொரு லைன்ல இதையேதான் கத்திட்டிருக்காங்க. என்னால திறக்க முடியாதுங்க. எங்க ஆளுங்களே திருடங்களோட சேர்ந்துடுவாங்கன்னு, ஆபீசுல இருந்து திறக்கிற வசதியே வைக்கலை. ஏசியும் போட முடியாது. போலீஸ்கிட்ட இருக்கிற கருவி வேணும், இல்லாட்டி உள்ளே இருந்து உரிமையாளர் குரல் வேணும்."

"போன்ல அந்தம்மா பேசுனா ஆகாதுங்களா?"

"போன்ல வர்ற குரலைப் பெட்டி நம்பாது."

"போலீசு எப்பங்க வரும்?"

"தேர்த்திருவிழா பந்தோபஸ்துல இருக்காங்களாம். கிளம்பிட்டாங்க. வர நேரமாகும்."

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே அதைவிட. அவன் தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை எனக்கே புகட்டினான். ஒரு மடக்குக்கூட அவன் குடிக்கவில்லை. என் துண்டை எடுத்து எனக்கு விசிறினான். விசிறிக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னான். நான் எங்கே கேட்பது?

"எம்பேரு நாட்ராயனுங்ணா. நானும் யோக்கியமா ஆக்டிங் டிரைவரா இருந்தவன்தான். இந்தப் பொட்டி வந்த புதுசுல, ஒரு மொதலாளி பொட்டிகிட்ட 'இங்கதான்'னு சொல்லிப்போட்டு என்னைய ஈரோட்டுக்குப் போகச் சொன்னாரு. நடுவழியில பூட்டிருச்சு. வண்டியில இருந்தவன் நான், அதனால பொட்டி என்னையத் திருடன்னு எழுதிக்கிச்சு. அப்புறம் எந்த வண்டிக்கு டிரைவரா எம்பேரைப் பதியப் போனாலும் 'இவர்மேல் சந்தேகம் உண்டு'ங்குது. ஆரு வேலை குடுப்பா? கெஞ்சிப் பாத்தாச்சு, கூலிக்குப் போயும் பாத்தாச்சு. திருடாதப்பவே திருடன்னு எழுதுனாங்க. இன்னிக்குத்தானுங்ணா மொத மொதல்ல திருடுனேன். அதுவும் இந்த லச்சணத்துல."

அந்த முதலாளி எவனோ. ஆனால் நல்ல சகுனத்துக்காக அவன் சொன்ன ஒரு சின்னப் பொய், ஒரு மனுஷனின் சோற்றில் மண் போட்டிருக்கிறது.

அப்புறம் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. வியர்வை நின்றுபோனது. கண்முன் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. சாவுக்கு நான் பயப்படவில்லை என்று பெருமையடிக்க மாட்டேன், பயந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஏசியை ஓடவிட்டுப் போனவள் வசந்தாமணி. நான் செத்தால், தான்தான் கொன்றோம் என்று சாகிறவரைக்கும் அவள் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். உன்மேல் தப்பில்லை புள்ளே என்று சொல்லிவிட்டாவது சாகலாமென்றால், அதற்கும் எனக்கு வாயில்லை.

"சொல்லுங்ணா, ஒரே ஒரு வார்த்தை. ஆத்தான்னு சொல்லுங்க. என்னைய ஒரு கெட்ட வார்த்தையாவது திட்டுங்கண்ணா!" நாட்ராயன் என் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"என்னால முடிஞ்சது ஒன்னே ஒன்னுதான்," என்றாள் சுபத்ரா. "பெட்டியை மறுபடியும் கேள்வி கேக்க வைக்கறேன். நீங்க பேசாதீங்க, அவர் பேசட்டும்."

கங்காணி தொண்டையைச் செருமவில்லை, இரக்கப்படவில்லை. எப்போதும் போலக் கேட்டது.

"வணக்கம். எங்கே போகிறீர்கள்?"

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்! சாகக் கிடக்கிறேன். உலகத்தை விட்டே புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கிறதே, இதற்கு அறிவிருக்கிறதா? மனசு அதைத் திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, வாய் தன்பாட்டில் திறந்தது.

"கோயிலுக்கு."

என் குரல். எரிச்சலும் அலட்சியமுமாய், அச்சு அசல் என் குரல். கதவுகள் திறந்துகொண்டன. ஏசி பெருமூச்சு விட்டது.

நாட்ராயன் வெளியே குதித்தான். வேலியைத் தாண்டிக் கொறங்காட்டுக்குள் ஓடியிருந்தால் எந்தப் போலீசும் பிடித்திருக்க முடியாது. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, என்னைத் தூக்கி வசதியாகச் சாய்த்துவிட்டு, திரும்பவும் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தான்.

"ஆசுபத்திரிக்குப் போலாமுங்ணா."

"எங்கே போகிறீர்கள்?" என்றது கங்காணி.

"கோயிலுக்கு," என்றேன். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கட்டுமே!

காங்கயம் ஆஸ்பத்திரி வாசலில் வசந்தாமணி தலைவிரிகோலமாக நின்றுகொண்டிருந்தாள். சுபத்ரா சொல்லியிருக்கிறாள். கார்க் கதவைத் திறந்து "மாமா!" என்று என் முகத்தைப் பிடித்தாள். ஏழு மாதமாக அவளிடம் சொல்லச் சேர்த்துவைத்த அத்தனையும் நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. தப்பு உன்மேல் இல்லை, நீ இல்லாவிட்டால் நான் என்றைக்கோ போயிருப்பேன், நீ மகராசி. எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன்.

"கோயிலுக்கு."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு போலீஸ்காரர் நாட்ராயன் சட்டைக் காலரைப் பிடித்துக் கட்டிலருகே இழுத்து வந்தார்.

"ஏனுங்க, இவந்தானே காரைத் தூக்குனது? உங்களை எங்க கொண்டுட்டுப் போனான்?"

"கோயிலுக்கு," என்றேன்.

"என்னது? பேச வரலேன்னா தலையை ஆட்டுங்க போதும். இவன் திருடனா, இல்லியா?"

தலையை ஆட்ட எனக்கு நன்றாகத் தெரியும். ஏழு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆட்டவில்லை. நாட்ராயனைப் பார்த்தேன். அவன் உதடு தண்ணீர் காணாமல் வெடித்திருந்தது. பிறகு போலீஸ்காரரை நேராகப் பார்த்து, நிறுத்தி, அழுத்திச் சொன்னேன்.

"கோயிலுக்கு."

வசந்தாமணி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் என்னோடு குப்பை கொட்டியவளுக்கு அது போதும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாந்தானுங் பதட்டத்துல மறந்துபோயிட்டேன். அவிய எங்க ஆக்டிங் டிரைவருங்க. இவியளைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரச்சொல்லி நாந்தான் சொல்லியிருந்தேன். சட்டையை உடுங்க."

போலீஸ்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் சுபத்ராவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பெட்டியில உரிமையாளர் குரல் பதிவாயிருக்கு சார். கோயிலுக்குன்னு தெளிவாச் சொல்லியிருக்கார். பூட்டினதுக்கு அப்புறமும் அவர் சம்மதத்தோடதான் வண்டி ஓடியிருக்கு. எங்களுக்கு இது திருட்டு இல்லை. சம்மதத்தோட ஒரு பயணம் நல்லபடியா முடிஞ்சா, ஓட்டினவர்மேல இருக்கிற பழைய சந்தேகத்தை எடுத்துடலாம்னு ஒரு விதி இருக்கு. அதையும் நானே எடுத்துட்டேன்."

நாட்ராயன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

போலீஸ்காரர் போனபிறகு வசந்தாமணி தன் போனில் சுபத்ராவைக் கூப்பிட்டாள். நன்றி சொல்லச் சொல்ல அவளுக்கு மாளவில்லை. முடிவில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏங் கண்ணு, இந்தப் பையன் பழனின்னு சொல்லிப்போட்டுப் பழனி ரோட்டுலதானே போனான்? பொய் சொல்லலியே. அப்புறம் எப்படிப் பெட்டி கண்டுபுடிச்சுது?"

சுபத்ரா சிரித்தாள். "அதுதாங்க உங்க ஊர்ல பெட்டி படிச்ச பாடம். உங்க பக்கத்துல காரோட சொந்தக்காரங்க யாருமே போற இடத்தைச் சொல்றதில்லை. கேட்டதும் மரியாதையா ஊர் பேரைச் சொல்லி, சொன்ன ஊருக்கே போனா, அது நிச்சயமா சொந்தக்காரர் இல்லைன்னு பெட்டி முடிவு பண்ணிடும்."

பேச்சுப் பயிற்சிப் பெண் மறுநாள் வந்து, நடந்ததைக் கேட்டுத் துள்ளினாள். வாய்க்குப் பழகிப்போன வார்த்தை மூளையில் வேறொரு மூலையில் பத்திரமாகக் கிடக்குமாம். சரியான ஆள் வந்து தட்டினால் எழுந்து வருமாம். "அம்மாவும் தண்ணியும் வேண்டாம். இனிமே இவரை எல்லாரும் கேள்வி கேளுங்க," என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக வந்து சேர்ந்தது. இப்போது நான் வாயை மூடினால் தேவலை என்கிறாள் வசந்தாமணி.

வலது கை கொஞ்சம் தூக்க வந்ததும், மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்ததை நிறைவேற்றக் கிளம்பினோம். ஓட்டுவது நாட்ராயன், இப்போது அவன் எங்கள் வீட்டு டிரைவர். நானும் வசந்தாமணியும் பின்னால்.

"வணக்கம். எங்கே போகிறீர்கள்?"

"கோயிலுக்கு," என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக உண்மை.

கார் கோயில் வீதியில் திரும்பியது. தேங்காய்க் கடை தாண்டியதும் வேகம் குறைந்தது. கோபுரத்துக்கு எதிரே நின்றேவிட்டது. கதவுகள் பூட்டிக்கொண்டன.

"வழக்கத்துக்கு மாறான வழி," என்றது கங்காணி. "சந்தேகம் உறுதியானது."

"ணா! நான் ஒன்னும் பண்ணலீங்ணா!" நாட்ராயன் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டான். வசந்தாமணி பொங்கல் பானையைக் கட்டிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். "சொன்ன எடத்துக்கு ஒரு நாளாவது போயிருந்தீங்கன்னா அது நம்பும். இத்தன வருசமாப் பொய் சொன்ன வாயி!"

"வணக்கம். எங்கே போகிறீர்கள்?" என்று மறுபடி கேட்டது பெட்டி.

எனக்கு இப்போது எல்லா வார்த்தையும் வரும். அதைத் திட்டுவதற்கென்று சேர்த்துவைத்தவையும் ஒன்று விடாமல் இருந்தன. நடுங்குகிற வலது கையை மெல்லத் தூக்கி இடது கையோடு சேர்த்தேன். முதல் கும்பிடு அந்தப் பெட்டிக்கு. அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"கேளு சாமி, நல்லாக் கேளு," என்றேன். "கோயிலுக்குத்தான்."

என் குரலைக் கேட்டதும் கதவு திறந்தது.